மாப்ளயின் தாடைக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை

மாப்ளே,

நேற்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் பச்சை மாத்திரையை ஊசியால் குத்தி, உள்ளிருந்த எண்ணெயைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. என் தங்கையைக் கட்டியவன் நீ. உன்னை எரித்து ஒரு வருசம் ஆகப்போகிறது.

வாய்ப் புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தார்கள். புற்று போனது. ஆனால் கரண்டு பட்ட தாடை எலும்பு செத்து, உள்ளேயே இற்றுக்கொண்டிருந்தது. மதுரையில் பெரிய டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று எலும்புக்கு ரத்தம் ஓட. மற்றது இந்தப் பச்சை மாத்திரை, வைட்டமின் ஈ.

"ரெண்டும் ஜோடி. மாசக்கணக்கா சேந்தே போகணும். இல்லன்னா தாடைய வெட்டித்தான் எடுக்கணும்."

எட்டாவதை மூன்று வருசம் படித்தவன் நான், எனக்கா விளங்காது? டாக்டரே என் கையைப் பிடித்து, நீங்கள் டாக்டருக்குப் படித்திருக்கவேண்டும் என்றார். நம்ம ஊர் அகரம் டீக்கடையில் கூட்டம் கூட்டி அறிவித்தேன்: "பொங்கலுக்கு மாப்ள நல்லி எலும்பக் கடிப்பாரு."

தாடை அழுகிய வாடை தாங்காமல் உன் மகன் உன் கட்டிலை மாட்டுத் தொழுவத்தில் போட்டான். "மாடு மூக்கப் பொத்தல மச்சான்" என்று சிரித்தாய். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பு உன் மருமகளிடம். நாளாக ஆக அவள் முகம் சினிமாக்காரி போல மின்னியது; உன் கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தது. ஒருநாள் பார்த்தால், பச்சை மாத்திரை அட்டை அவள் கண்ணாடி முன்னால் கிடக்கிறது.

"வெறும் சத்து மாத்திரைதான பெரியப்பா. மாமாவுக்கு இந்த வயசுல சத்து எதுக்கு?"

நான் போட்ட சத்தத்தில் தாடிக்கொம்பு வரைக்கும் நாய் குரைத்தது. நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

"விடு மச்சான். வீட்ல ஒரு மொகமாச்சும் நல்லாருக்கட்டும்."

அன்றைக்கே புது அட்டை வாங்கி, என் கையாலேயே உனக்குக் கொடுத்தேன். எலும்பு காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் டீயில் நனைத்த பன்னைக் கடித்தாய்; இடது தாடை சுள்ளி மாதிரி ஒடிந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். பின்னாலேயே வந்த காய்ச்சல் மிச்சத்தைக் கொண்டுபோனது.

பிணத்துக்குத் தாடை கட்ட ஒருத்தரும் கிட்ட வரவில்லை. நூறு பேர் பார்க்க, சிங்கம் மாதிரி நான்தான் கட்டினேன். துணியை இழுத்து முடிந்தபோது, இடது பக்கம் விரல் எதிலும் தட்டாமல் சதைக்குள் போனது. அந்த மெத்து என் விரலை விட்டுப் போகவில்லை மாப்ளே. சோறு பிசையும்போதெல்லாம் விரல் அங்கேதான் அமுங்குகிறது.