பேன்ட்டைக் குறைத்த வாரம்

ஜூன் 3, செவ்வாய்

சீருடை கொடுத்துவிட்டார்கள். நீலச் சட்டை பொருந்துகிறது. கறுப்பு பேன்ட் இடுப்புக்குச் சரி, காலுக்கு இல்லை. போட்டுக்கொண்டு நின்றால் பாதம் இரண்டும் காணாமல் போகின்றன. என்னைவிட நல்ல உயரமான ஒருத்தியை மனதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு பேன்ட் போடுவீர்கள் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். இங்கே புடவை கூடாது. சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை, முந்தானை சக்கரத்தில் சிக்கும். நியாயம்தான்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் விசாரணை மேசைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். அந்த இடம் நிரம்பிவிட்டது, நோயாளிகளை வார்டிலிருந்து ஸ்கேனுக்கும் ஸ்கேனிலிருந்து வார்டுக்கும் கொண்டுபோக ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்றேன். மகன் அதற்குள் "அம்மா ஆஸ்பத்திரில விசாரணை மேசை பாக்குறாங்க" என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். நான் திருத்தவில்லை. புடவையில் போகிறேன், அங்கே கழிப்பறையில் மாற்றிக்கொள்கிறேன், புடவையில் திரும்புகிறேன். பிள்ளைகள் நோட்டில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் சுழித்த கை இது.

ஜூன் 4

ஊக்கு குத்தினேன். மத்தியானத்துக்குள் ஊக்கு என்னைக் குத்திவிட்டது.

ஜூன் 5

எங்கள் மேற்பார்வையாளரை எல்லோரும் சைரன் என்பார்கள். குரல் அப்படி. இன்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும், "டீச்சரம்மா, கீழ பாருங்க. தரையைக் கூட்டறதுக்கு வேற ஆள் போட்டிருக்கோமே!" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு தனியாகக் கூப்பிட்டு, "விளையாட்டுக்குச் சொல்லல. சக்கரத்துல மாட்டினா நீங்க மட்டுமா விழுவீங்க? ஆபரேஷன் முடிஞ்சு உக்காந்திருக்கவங்களும் சேந்து விழுவாங்க. திங்கக்கிழமைக்குள்ள குட்டை பண்ணிட்டு வாங்க. இல்லன்னா உங்க கையில வண்டி குடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான்கூட. சிறுமியாக இருந்தபோது தையல் வகுப்பு வந்தால் என்னை விடைத்தாள் அடுக்க அனுப்பிவிடுவார்கள், அது எனக்குப் பெருமை. தெருவில் தையல் கடை இருக்கிறது. கொடுத்தால் "டீச்சருக்கு எதுக்கு பேன்ட்டு?" என்று ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும்.

ஜூன் 6

ஸ்டேப்ளர். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். சுற்றிவர வரிசையாக அடித்தேன். நான் தள்ளிக்கொண்டு போன பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். லிஃப்ட்டுக்குள் கேட்டார்: "ஏம்மா, உங்க காலை யாரு பைண்டு பண்ணது?"

கணுக்கால் முழுக்கக் கீறல். காலுறை போட்டு மறைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். "வீட்டுக்குள்ள எதுக்கு அத்தை சாக்ஸ்?" என்றாள் மருமகள். குளிர் என்றேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 7, சனி

கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, ரயில் என்று பெயர், அவ்வளவு வேகமாகத் தள்ளுவாள். அவள் ஒரு சின்னச் சுருள் கொடுத்தாள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பசை. "ஊசியும் வேணாம் நூலும் வேணாம், டீச்சரம்மா. வச்சு அயர்ன் பண்ணுங்க, சிக்குனு ஒட்டிக்கும். அட்டையில எப்படின்னு எழுதியிருக்கு, படிச்சுப் பாத்து செய்ங்க."

படிச்சுப் பாத்து செய்ங்க. எனக்கு!

ஜூன் 8, ஞாயிறு

எழுதிவிட்டால் மனது அடங்கும்.

மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்தார்கள். மருமகளின் இஸ்திரிப்பெட்டியை எடுத்து என் அறையில் வைத்துக்கொண்டேன். அட்டையில் எழுத்து எறும்பு மாதிரி. கண்ணாடி கூடத்தில் இருந்தது. போய் எடுத்திருக்கலாம். எத்தனை பிள்ளைகள் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்!

முதல் கால் ஒட்டிவிட்டது. தற்செயல் என்று தெரியாமல் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். இரண்டாவது காலில் நாடாவைத் திருப்பி வைத்துவிட்டேன். காகிதம் கீழே, பசை மேலே. அதன் மேல் சுடச்சுடப் பெட்டியை இறக்கினேன். ஒரு நாற்றம். தூக்கினால் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. துணியால் துடைத்தேன், துணியும் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் சாவிச் சத்தம்.

பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். காலையில் முதல் வேலையாகச் சுரண்டிவிடலாம் என்று. படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

எனக்கு முன்னால் மருமகள் எழுந்துவிட்டாள்.

இன்று அவளுக்கு நேர்காணல். அலுவலகத்தில் மேல் பதவிக்கு. மாதக்கணக்காகத் தயார் செய்தாள். அதற்காகவே வாங்கிய வெள்ளைச் சட்டை. நான் அறையை விட்டு வந்தபோது சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மார்புக்கு நேரே பழுப்பும் கறுப்புமாக ஒரு தடம்.

"நீங்கதான? நேத்து ராத்திரி நீங்கதான கடைசியா அயர்ன் பண்ணீங்க?" என்றாள் மகனிடம்.

"நான் சனிக்கிழமையே பண்ணிட்டேன். நேத்து தொடவே இல்ல," என்றான் மகன்.

"அப்ப யாரு, பேயா?"

"எதுக்கெடுத்தாலும் நான்தானா?"

என்னை யாரும் கேட்கவில்லை. சந்தேகப்படவே தோன்றவில்லை அவர்களுக்கு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கசங்கிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வேலையில், ஒட்டாத காலுக்கு ரயில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றிவிட்டாள். சைரன் குனிந்து பார்த்து "ம்" என்றார். வண்டி கொடுத்தார். திங்கட்கிழமைத் தேர்வில் தேறிவிட்டேன். காப்பி அடித்துத் தேறியவளுக்கு இருக்கும் சந்தோஷம்.

ஜூன் 10

அவர்கள் பேசிக்கொள்வதில்லை. மகன் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டான்.

நேர்காணல் எப்படிம்மா என்று மருமகளைக் கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்ததே! "ஆரம்பத்துல அவங்க கேட்டதே காதுல விழல அத்தை. சட்டை கசங்கியிருக்கே, கசங்கியிருக்கேன்னு மனசு அதுலயே இருந்துச்சு. அப்புறம் சமாளிச்சேன். உங்க பிள்ளை ஒரு சாரி சொல்லியிருந்தாக்கூட போதும்."

வகுப்பில் ஏதாவது உடைந்தால் நான் கத்த மாட்டேன். "யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம், உடைத்தவருக்குத் தெரிந்தால் போதும்" என்பேன். பிறகு சும்மா நிற்பேன். பெரும்பாலும் ஒரு கை உயரும். அந்தக் கையை உயர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் தூக்கினார்கள்.

எதற்குப் பயப்படுகிறேன்? வேலையை விடச் சொல்வான் என்றா? பேன்ட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றா? அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்கேன் அறை வாசலில் பயந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல ஆளில்லை, நானே கதவைச் சாத்திவிட்டேன்.

ஜூன் 11

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு. நான் அறைக்குப் போய் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பேச ஆரம்பித்தால் சுற்றி வளைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மகன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் பார்த்தான். "என்னம்மா இது?"

"வேலைக்குப் போடுறது. மேசை வேலை இல்லடா. வீல்சேர் தள்ளுறேன். இது நீளமா இருந்துச்சு. ஒட்டறேன்னு அயர்ன் பாக்ஸ்ல பசையை ஈஷிட்டேன். சட்டையைக் கெடுத்தது நான்."

மருமகள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. இரண்டுமில்லை. தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்தாள்.

"சட்டை போனா போகுது அத்தை. நாலு நாளா இவர்கிட்ட நான் பேசல. இங்கதான சாப்பிட்டீங்க, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல? எப்படி இறங்கிச்சு?"

இறங்கியது என்பதுதான் உண்மை. ரசித்துச் சாப்பிட்டேன்கூட ஒருநாள்.

மகன் "விடு" என்றான் அவளிடம். என்னைப் பார்த்து, "வேலையையும் விட்டுடும்மா. நமக்கு என்ன தலையெழுத்தா?" என்றான்.

"விட மாட்டேன்," என்றேன். மன்னிப்புக் கேட்க வந்த வாயால் இதையும் சொன்னேன்.

ஜூன் 13

மகன் உள்ளே படுத்தான். அந்த மட்டில் சரி. மருமகள் என்னிடம் "சாப்பிட்டீங்களா", "கதவைச் சாத்திட்டு படுங்க" — அவ்வளவுதான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஜூன் 14

பதவி வேறு யாருக்கோ போய்விட்டது. என்னால்தானே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவளை ஆறுதல் சொல்ல வைக்கிற கேள்வி அது. அவள் சொல்லவில்லை.

"சட்டையாலன்னு சொல்ல மாட்டேன். சட்டையால இல்லன்னும் சொல்ல மாட்டேன் அத்தை."

புதுச் சட்டை வாங்கித் தருகிறேன் என்று நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மகன் என் அறைக்கு வந்து கையை நீட்டினான். "குடும்மா." எதை என்று கேட்டேன். "அந்த பேன்ட்டைத்தான். பிளாஸ்திரி ஒட்டிட்டு வேலைக்குப் போறாங்களாம், விழுந்து வச்சா யாரு பாக்கறது?"

இஸ்திரிப்பெட்டியின் அடியை வினிகர் வைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தான். அட்டையில் இருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தான், கூடத்துக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. "காகிதம் மேலே இருக்கும்படி. மேலே. கேட்டுதா டீச்சர்?" எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னை பேன்ட் போட்டு நிற்கவைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். நான் குனிந்து பார்க்கும்போதெல்லாம் கோடு கோணிக்கொண்டு போனது, திட்டினான்.

அப்போது மருமகள் அவள் அம்மாவோடு ஃபோனில் பேசிக்கொண்டே எங்கள் பக்கமாக வந்தாள்.

"ஆமாம்மா, போயிட்டுதான் இருக்காங்க... இல்ல, மேசை எல்லாம் இல்ல. வீல்சேர் தள்ளுறாங்க. பேன்ட் போட்டுக்கிட்டு... ஏன், அதுல என்ன?"

குரலைத் தாழ்த்தவில்லை. என்னைப் பார்த்து, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "கால் வலிக்குமான்னு கேக்குறாங்க."

வலிக்காது என்றுதான் வாய் வந்தது.

"வலிக்கும்," என்றேன்.

"வலிக்குமாம்," என்றாள் ஃபோனில்.