முட்டை இல்லாத வெண்ணெய்

இலொமான்ட்சி, வட கரேலியா, பின்லாந்து
4 மார்ச் 1973

ஆர்மாஸுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நாலு கோழிக்காகப் பெண்டாட்டியை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட ஆள் இந்த ஊரிலேயே நீ ஒருவன்தான். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவன் என்ன செய்தாய்? டாக்டர் முட்டையைக் குறைக்கச் சொன்ன பிறகும், சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் போகிறேன் என்று போய், அந்த அடுப்பு வெந்நீரிலேயே முட்டை அவித்துத் தின்றாய். ஓடுகளைப் பெருக்கியது நான். "ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்" என்று வாய் கூசாமல் சொன்னாய். அதனால்தான் கோழிகளை அறுத்தேன். எல்லாம் உன் இதயத்துக்காக.

ஹெல்வி

யொயென்சூ
11 மார்ச் 1973

ஹெல்விக்கு,

இதயத்துக்காகவாம்! டாக்டர் பேசியபோது நானும்தான் இருந்தேன். முதலில் வெண்ணெயை நிறுத்தச் சொன்னார். அப்புறம் ஆடை எடுக்காத பால், சிகரெட். முட்டையைக் கடைசியில்தான் சொன்னார், அதுவும் "வாரத்துக்கு ரெண்டு மூணு தின்னா ஒண்ணும் ஆகாது" என்றார். உன் பசுவின் பால், வெண்ணெய் பற்றிய பேச்சு எதுவும் உன் காதில் ஏறவில்லை. என் கோழியைப் பற்றியது மட்டும் ஏறியது. அவித்த முட்டையை வெண்ணெயில் பிசைந்து அப்பத்துக்குப் பூசுவோமே, நான் வீடு திரும்பிய அன்று நீ முட்டையை எடுத்துவிட்டு, வெறும் வெண்ணெயை விரல் தடிமனுக்கு அப்பினாய். "ஒடம்பு தேறணும்ல, சாப்பிடு" என்றாய்! சிகரெட்டை நான் விட்டுவிட்டேன். நீ எதை விட்டாய்? உன் கையால் சாப்பிட்டுச் சாக நான் வரமாட்டேன்.

ஆர்மாஸ்

இலொமான்ட்சி
18 மார்ச் 1973

ஆர்மாஸ்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்ளவே எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. பனி வாரும்போது நீ விழுந்தாயே, நீலம் பாரித்த அந்த முகத்தைப் பார்த்தது நான், நீ இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறினேன். அன்றிலிருந்து எனக்கு எதையாவது வெட்ட வேண்டும் போலிருந்தது. கோழிகள் கிடைத்தன. வெண்ணெய் அப்பியதும் பயத்தில்தான். எங்கள் வீட்டில் யார் படுத்தாலும் வெண்ணெய்தான் கொடுப்பார்கள், எனக்கு வேறு வைத்தியம் தெரியாது.

இது கையில் கிடைத்த அன்றே மாலை பஸ்ஸில் வா. கோபம் ஆறவில்லை என்றால் கோபத்தோடு வா, என்னுடையதும் ஆறவில்லை. மறுபடி விழுவதாக இருந்தால் என் கண் முன்னால் விழு. தாங்கிப் பிடிக்கவாவது நான் இருப்பேன்.

உன் ஹெல்வி