அரைப்பேர்

2024 மே 26, ஞாயிறு

மூன்று நாளாக மழை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டுக் கூரையில் ஒழுகும் இடம் நகர்ந்து நகர்ந்து இப்போது என் தலையணைக்கு நேரே வந்துவிட்டது. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கடிதம் வந்தது. பொத்துவிலுக்குத் தெற்கே கடலோரத் தேசியப் பூங்காவில் வழிகாட்டிப் பயிற்சி. எனக்கும் சுலக்ஷனாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தரை வாரம். களப்பு என்கிற கடலோர ஏரியில் கயாக் படகு ஓட்டி நாற்பது மணி நேரம், கரையில் நடந்து இருபது மணி நேரம். எல்லாவற்றையும் நாமே குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடைசியில் நேர்முகம், தேறினால் வழிகாட்டி அட்டை.

முப்பத்திரண்டு வயதில் மாணவி! நீர்த்தேக்கக் கரையில் உள்ள சுற்றுலா பங்களாவில் ஏழு வருடமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். விருந்தாளிகள் மத்தியானம் தூங்கும்போது அவர்களின் கயாக்கை எடுத்து ஓட்டிப் பழகினேன். என் தகுதி அவ்வளவுதான். சுலக்ஷனாவுக்கு அதுவும் கிடையாது. அவளுடைய விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள், ஒரே லயம், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

மே 28, செவ்வாய்

அம்மாவுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. போகாதே என்றால் கேட்பதில்லை. "வேலாயி வரலன்னு கண்டாக்கு எழுதுறதுக்கா?" என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்.

மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கின் புத்தகத்தில், குறித்த கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்: நாள் முழுக்க நின்றாலும் பாதி ஆள்தான். நேற்று அம்மாவுக்கு இரண்டு கிலோ குறைந்ததாம். நிறுவைக்கு முன்னால் வடிவு அத்தை தன் சாக்கிலிருந்து அள்ளி அம்மாவின் சாக்கில் கொட்டிவிட்டார். வடிவு அத்தை சுலக்ஷனாவின் அம்மா. சுலக்ஷனா வயிற்றில் இருந்தபோது அம்மா அப்படித்தான் அவருக்குக் கொட்டிக் கொடுத்தாராம். இதை யாரும் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. கொட்டுகிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொட்டுவார்.

ஜூன் 4, செவ்வாய்

நான்கு பஸ். மொனராகலைக்குப் பிறகு வெயில் அடிக்கிற விதமே வேறு. சுலக்ஷனா இரண்டு முறை வாந்தி. என் மடியில் படுத்துக்கொண்டே வந்தாள்.

மேடே இல்லாத நிலம். நடக்கும்போது என் உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, ஏறுவதற்கு ஏதோ இருக்கிற மாதிரி. பயிற்சியாளர் சுதாகரன் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஜூன் 7, வெள்ளி

இன்று சுலக்ஷனாவின் கயாக் புரண்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் கயாக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு கையை அடித்தாளே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான்தான் தூக்கினேன். சுதாகரன் அண்ணன் தூரத்திலிருந்து என்ன என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லண்ணே" என்று அவளே கை காட்டினாள்.

பிறகு கூடாரத்தில் நடுங்கிக்கொண்டே, தண்ணியில இனி கால் வைக்க மாட்டேன், ஊருக்கும் திரும்பிப் போக மாட்டேன் என்றாள். ரெண்டும் எப்படிடி ஒத்து வரும்?

ஜூன் 12, புதன்

ஒத்து வருகிறது. நான் ஒத்துவர வைத்திருக்கிறேன்.

சுதாகரன் அண்ணன் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரையும் இரண்டு இரண்டாகப் பிரித்து வெவ்வேறு பக்கம் அனுப்பிவிடுவார். நாங்கள் இருவரும் ஒரே ஜோடி. முதல் திருப்பம் வரை இருவரும் கரையோரமாகப் போவோம். அங்கே அவள் தன் கயாக்கைக் கண்டல் மர வேரில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் முகத்துவாரம் வரை போய் வருவேன். மாலையில் இரண்டு குறிப்பேட்டையும் நானே எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எங்கே என்ன பறவை. போகாதவளுக்கு என்ன எழுதத் தெரியும்? சுதாகரன் அண்ணன் நேரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

அவளுடையதில் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன். ஆனால் எழுத்தை மாற்ற வரவில்லை. புள்ளியை நான் குட்டி வட்டமாகத்தான் வைப்பேன். ஐந்தாம் வகுப்பில் டீச்சர், புள்ளியா முட்டையா என்று கேட்டு விரலில் அடித்தும் போகாத பழக்கம்.

தப்புதான். தெரிகிறது. கொழுந்து கொட்டிக் கொடுப்பதும் கண்டாக்கின் புத்தகத்தில் தப்புதானே.

ஜூன் 23, ஞாயிறு

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

விடிந்ததும் தனியாகக் களப்பு. தண்ணீர் அசையவில்லை. துடுப்பை எடுத்துவிட்டால் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். நடுவில் ஒரு பாறை முழுக்கக் கூழைக்கடா. என்னைப் பார்த்தும் எழும்பவில்லை. முகத்துவாரத்தில் களப்பும் கடலும் முட்டுகிற இடத்தில் கயாக் ஒரு பக்கமாக இழுத்தது. பயந்துபோய் இடுப்பை இறுக்கி, துடுப்பை அழுத்திப் பிடித்து நேராக்கினேன். யாரும் பார்க்கவில்லை. என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஜெயந்தினி! பைத்தியக்காரிதான்.

பின்னேரம் இருவரும் நடை. உப்பு வெளி தாண்டி மணல்மேடு. ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருந்தது. கடற்கரை மணலில் யானை விட்டை! நடையில் சுலக்ஷனா கெட்டிக்காரி, எனக்கு முன்னால் அவள் கண்ணுக்குத்தான் எல்லாம் படும். குட்டையோரம் கால் வைக்கப் போனேன், சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மரக்கட்டை என்று நான் நினைத்தது முதலை.

தண்ணியில் நான் அவளுக்கு, தரையில் அவள் எனக்கு. சரியாகத்தான் போகிறது.

ஜூலை 12, வெள்ளி

வீட்டுக்குப் போகிறேன். தனியாக.

ஜூலை 13, சனி

வந்து சேர்ந்தேன். அம்மா சோறு போட்டார். ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

நேர்முகத்துக்கு வெளியே வாங்கில் காத்திருந்தேன். சுலக்ஷனா முதலில் போனாள். கால் மணி நேரம். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஒண்ணுமில்லடி. பறவை, காத்து, அவ்வளவுதான். பயப்படாம போ."

சொல்லிவிட்டு என் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

உள்ளே அதிகாரி அவளுடைய குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். "மே காகெ அகுருத?" என்று சிங்களத்தில் கேட்டார். இது யாருடைய எழுத்து? நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளைக் காப்பாற்றுகிற அவசரம். சுலக்ஷனாவுடையது சேர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, என் குறிப்பேட்டைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் வட்டம் தெரியுமே. இரண்டிலும் வரிக்கு வரி என் முட்டைகள்.

அவரே சொன்னார்: சுலக்ஷனாவிடமும் இரண்டையும் காட்டித்தான் கேட்டாராம். இரண்டுமே தன் எழுத்து என்றாளாம். 'மகே.' என்னுடையது. அந்த ஒரு சொல்தானாம். இப்போது நானும் அதையே சொல்லிவிட்டேன். தன் குறிப்பேட்டைத் தானே எழுதாத ஒருவரின் நாற்பது மணி நேரத்தை நம்ப முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். நோனா என்று கூப்பிட்டுத்தான் சொன்னார்.

ஒரு பேனாவைக் கேட்டிருக்கலாம். அங்கேயே ஒரு வரி எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டினால் அவளுடையதையும் நான்தான் எழுதினேன் என்று ஆகும். ரெண்டு பேருமே போயிருப்போம். அத நெனச்சுத்தான் நான் வாய மூடினேன். அவ என்னத்த நெனச்சு வாயத் தொறந்தா?

பொய் சொன்னதைக்கூட விடுகிறேன். மாட்டிக்கொண்ட பயத்தில் வாயில் வந்திருக்கும். ஆனால் வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்து, ஒண்ணுமில்லடி என்றாளே. ஒரு வார்த்தை, 'எழுத்தப் பத்திக் கேக்குறாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. காலர சரி பண்ண கை வந்துச்சு, அது வரலையா?

ஜூலை 15, திங்கள்

அவளுக்கு அட்டை கிடைத்துவிட்டது. வடிவு அத்தை லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும். நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொட்டிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தானே, அதைத்தான் நானும் செய்தேன் என்றேன். அம்மா தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் கொழுந்தத்தான் கொட்டுனேன். எம் பேர எப்ப கொட்டுனேன்?"

எனக்கு அம்மா மேலேயே கோபம் வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சுலக்ஷனாவிடமிருந்து குரல் செய்தி. மூன்று முறை கேட்டுவிட்டேன், அதனால் அப்படியே எழுதுகிறேன். "மன்னிச்சுக்கடி. எனக்கு வேற வழி தெரியல. நீ அடுத்த தடவ எப்படியும் போயிருவ. ஒனக்குத்தான் தண்ணி தெரியுமே. எனக்கு இத விட்டா லயந்தான்டி."

அப்போ எனக்கு என்ன, மாளிகையா? நானும் அதே லயத்துலதானடி ஒழுகுற கூரைக்குக் கீழ படுத்துருக்கேன். தண்ணீர் தெரிந்தது குற்றமாகிவிட்டது.

பதில் போடவில்லை. பங்களாவுக்குப் போய் இருபத்து நான்கு விரிப்பு மாற்றினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேஸ்புக்கில் அவளுடைய படம். இரட்டைக் கயாக்கில் பின்னால் அவள், முன்னால் இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள். எட்டு வயது, ஆறு வயது இருக்கும். சின்னதின் லைஃப் ஜாக்கெட்டில் கீழ்ப் பட்டி போடவே இல்லை. பின்னால் தெரிகிற மணல் திட்டு எனக்குத் தெரியும். முகத்துவாரம். கயாக்கை ஒரு பக்கமாக இழுக்கிற இடம்.

எல்லாரும் இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர், சிங்கப் பெண்ணே என்று எழுதியிருக்கிறார்.

இடுப்பளவுத் தண்ணீரில் கையை அடித்தவள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தூக்கமில்லை. அவளுக்கே போன் செய்தேன். பிள்ளைகளை ஏற்றாதே, ஏதாவது காரணம் சொல்லித் தரைப் பக்கம் வேலை கேள் என்றேன். என்னைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்றாள். பொறாமை என்றாள். வைத்துவிட்டாள்.

பொறாமை இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது. அவள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. அப்படியென்றால் நான் பூங்கா அலுவலகத்துக்குப் போவது பிள்ளைகளுக்காகவா, எனக்காகவா? பட்டி போடாத அந்தப் பிள்ளைக்கு நான் எதற்காகப் போனால் என்ன?

என் எழுத்து என்று காட்ட என்னிடம் இருப்பது இந்த டயரி ஒன்றுதான். எந்த நாள் யார் போனது, யார் எழுதியது எல்லாம் இதில் இருக்கிறது. நான் கள்ளி என்பதும் இதில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

பூங்கா அலுவலகத்துக்கு வெளியே, அதே வாங்கு. உள்ளே தமிழ் வாசிக்கத் தெரிந்த கிளார்க் ஒருவர் இருக்கிறாராம்.

வாசிப்பவருக்கு: ஜூன் 7, 12 பாருங்கள். இரண்டு குறிப்பேட்டையும் எழுதியது நான்தான், ஜெயந்தினி. மே 28 தயவுசெய்து வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டால் எங்கள் தோட்டத்துக்குச் சொல்ல வேண்டாம்.

அக்டோபர் 3, வியாழன்

டயரி பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. மே 28 உட்பட எல்லாப் பக்கத்திலும் நீல முத்திரை. ஒரு பக்கத்தில் விரல் பட்ட தேநீர்க் கறை.

கூடவே சிங்களத்தில் ஒரு கடிதம், தமிழ்ப் பிரதியோடு. பொய்க் குறிப்பு எழுதியதற்காக எனக்கு இந்த வருடம் அட்டை கிடையாது. தனியாகப் போனதாக டயரியில் நாளோடு இருக்கிற மணி நேரத்தில், சுதாகரன் அண்ணன் உறுதி சொன்ன பத்தொன்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள். மீதியை அடுத்த ஜூனில் அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நாற்பதுக்குப் பத்தொன்பது. அம்மாவிடம் சொன்னதும், "அரைப்பேர்" என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரிதான் இருந்தது.

சுலக்ஷனாவைத் தண்ணீரில் இறக்கி, கயாக்கைப் புரட்டித் திரும்ப ஏறச் சொன்னார்களாம். ஏற முடியவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிட்டாள். மூன்றாவது வீடுதான். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் அவள் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். போதவில்லை. ஒரு சிநேகிதி இருந்தாள், இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. நீர்த்தேக்கத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினேன்.

அம்மா மலையிலிருந்து வர இன்று நேரமானது. படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார். இரண்டு கிலோ குறைந்துவிட்டதாம், அரைப்பேர்தான் விழுந்ததாம். வடிவு அத்தை வேலைக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்துச்சு. பக்கத்து நெரையிலதான் நின்னுச்சு."

சீனி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.