பழுதென்று நான் சொன்ன மீற்றர்

வெள்ளிக்கிழமை, இஷாத் தொழுத பிறகு.

காலையில் மாவடிப்பள்ளியில், மச்சானின் அரிசி ஆலையில், கொதிகலன் மீற்றர் இரண்டும் இரண்டு விதமாகக் காட்டின. ஒன்றில் அமுக்கம் சரியாக இருந்தது. மற்றதில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

“எத நம்புற மச்சான்?” என்று அவன் என்னிடம் கேட்டான்.

ஊறிய நெல்லை உடனே அவிக்காவிட்டால் நாறிவிடும். ஜும்ஆத் தொழுகையும் நெருங்கியிருந்தது. சிவப்பில் நின்ற மீற்றரை விரலால் தட்டினேன். முள் அசையவில்லை. “இது பழுது, நீ அவி” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வெளிநாட்டில் அணுமின் நிலையத்தில் ஒன்பது வருடம் மீற்றர்களைச் சரிபார்க்கும் வேலைதான் செய்தேன். அங்கே உலையின் அமுக்கத்தை நான்கு மானிகள் பார்க்கும். அவற்றில் இரண்டு மானிகள் ஆபத்து என்று காட்டினால் உலை தானாக நின்றுவிடும். ஒரு மானி பழுதானால், அது ஆபத்து என்று சொன்னதாகவே வைத்துவிடுவோம். அதன் பிறகு மற்ற மூன்றில் ஒன்று சொன்னாலே போதும். பழுதானது சும்மா கிடக்கட்டும் என்று அங்கே யாரும் விடுவதில்லை.

மச்சான் அவிக்கத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. அடுப்பெரிக்கும் ஜப்பார் நானாவின் நெஞ்சும் கைகளும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மனைவி அழாமல் கேட்டார். “நீங்க பாத்துத்தானே தம்பி சென்னீங்க?”

“ஓம் ராத்தா.”

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அணுமின் நிலையத்தில் என் ஒருவனின் சொல்லை நம்பி எதையும் ஓடவிட மாட்டார்கள். இங்கே நான் ஒருவன் சொன்னதே போதுமாக இருந்தது.