சேர் அம்புரோஸின் சிவப்புக்கல் ஊசி

2025 ஓகஸ்ட் 25, திங்கள்

இன்றைக்கும் பழைய துறைமுகத்தடித் தெருவில் பனி கொட்டினார்கள். வெயிலோ முப்பத்தொரு பாகை. கடதாசிப் பனிதான். தார் ரோட்டை மறைக்க மண்ணும் வைக்கோலும், இரண்டு குதிரை வண்டி, பட்டப்பகலில் மெசினால் விடுகிற வெள்ளைப் புகார்மூட்டம். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தால் 1816ஆம் ஆண்டு லண்டன் என்கிறார்கள். எனக்கு லண்டன் என்றால் ஈஸ்ற்ஹாமில் இருக்கிற சித்திதான்.

மொன்ட்ரியால்-நோரில் பஸ் ஏறும்போது நான் ஜெகதீஸ்வரி. உடுப்பறைக்குள் கால் வைத்ததும் சேர் அம்புரோஸின் கழுத்துத்துணிக்காரி. சேர் அம்புரோஸ் இந்தத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன், கொலை துப்பறிகிற பிரபு. நாளுக்கு மூன்று உடுப்பு மாற்றுவார். ஆள் செத்துக் கிடந்தாலும் முதலில் தன் கையுறையைத்தான் சரிபார்ப்பார். அவருடைய வெள்ளைக் கழுத்துத்துணி மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறது என்று எல்லாரும் தலையில் கை வைத்திருந்த நேரம், நான் வீட்டிலிருந்து சோற்றுக்கஞ்சி கொண்டுபோய்த் தோய்த்து, சேலைக் கொய்யகம் மாதிரி மடித்து நிறுத்திக் காட்டினேன். உடுப்பறைக்குப் பொறுப்பான மிரேய் "மாஜிக்" என்றாள். மாஜிக் இல்லை, கஞ்சி என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.

ஓகஸ்ட் 27, புதன்

மடிப்புக்கு நடுவில் கடைசியாகக் குத்துகிற ஊசிதான் என் செல்லம். மாதுளம்முத்து அளவில் ஒரு சிவப்புக் கல், பின்பக்கம் எங்கள் சேலைப் பின் மாதிரியே வளைவும் கொளுக்கியும். உண்மையான பழைய சாமான். யாரோ ஒரு கிழவி நம்பி இரவல் தந்திருக்கிறாள். கடைசிப் பாகத்தில் இதை வைத்துத்தான் சேர் அம்புரோஸ் கொலைகாரனைப் பிடிக்கப்போகிறார்.

பின்களை வாயில் கவ்வாதே என்று மிரேய் ஏசுகிறாள். சரி, கழுத்துச் சங்கிலியில் கொளுவுகிறேன். எங்கள் ஆட்களில் எந்தப் பெண்ணின் தாலியில் இரண்டு பின் தொங்கவில்லை?

பிரபுவுக்குப் பிறகு நகுலேஸ்வரன் அண்ணையின் முறை. சிலோனிலிருந்து வந்த வேலைக்காரராகத் தட்டோடு பின்னால் நிற்பார். வசனம் கிடையாது. இருபது வருசம் றெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவிய மனிதர். துணி கட்டும்போது கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுவார். "தங்கச்சி, என்னையும் ஒருக்கால் பிரபு ஆக்கிவிடு பாப்பம்."

ஓகஸ்ட் 30, சனி

நேற்று நாள் முழுக்க ஓட்டம். பின்னேரம் தனுஷாவின் தம்பியின் கலியாண வரவேற்பு. அவள் என் மச்சாள், போகாவிட்டால் ஒரு வருசத்துக்குக் கதை. வேலையிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போவதென்று காலையிலேயே தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டேன். பெரிய கொடி, விசேசத்துக்கு மட்டும் எடுக்கிறது.

மத்தியானம் ஒரு வேடிக்கை. உடுப்பறைக் கண்ணாடி முன்னால் நகுலேஸ்வரன் அண்ணை சேர் அம்புரோஸின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றார். சாளரத்து வெளிச்சத்தில் தூசி மினுங்கியது. அவருக்குப் பின்னால் ஒரு மாளிகையே இருக்கிறது போல எனக்குப் பட்டது. சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் பிரபுவுக்குத் துணி கட்டிப் பாதியில் இடி, மழை. படப்பிடிப்பு நின்றது. கையில் இருந்ததை இருந்தபடி விட்டு ஓடிப்போய்ச் சேலை உடுத்தேன்.

மண்டபத்தில் தனுஷா என் கழுத்தையே பார்த்தாள். "மச்சாள், கொடியிலை என்ன புதுசாச் சிவப்பா மின்னுது?" அவளின் கண் பொல்லாத கண். கண்ணூறு படும் என்று குனிந்துகூடப் பார்க்காமல் தலைப்பை இழுத்து மூடினேன். வீட்டுக்கு வந்த களைப்பில் கொடியைப் பின்களோடேயே பெட்டியில் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை இவர், என் மனுசன், பாங்கு லொக்கரில் வைப்பார்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

ஊசியைக் காணவில்லை! மிரேயின் முகத்தில் இரத்தமில்லை. எல்லாருடைய பைகளையும் திறந்து பார்த்தார்கள். என் பையில் கஞ்சிப் போத்தலும் புட்டும்.

செப்ரெம்பர் 3, புதன்

மெசின் புகார் இன்றைக்கு உடுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. அதற்குள் நின்று யோசித்தேன். சேர் அம்புரோஸ் தொடரில் சொல்வார்: யார் எடுத்தது என்று கேட்காதே, யார் ஆசைப்பட்டது என்று கேள்.

யார் ஆசைப்பட்டது? கண்ணாடி முன்னால் நின்றது யார்?

சீ, அவர் அப்படியான ஆளில்லை. ஆனால் மனிதரை யார் கண்டது.

செப்ரெம்பர் 4, வியாழன்

மிரேயிடம் சொல்லிவிட்டேன். எடுத்தார் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டோடு கண்டேன் என்று மட்டும். கண்டதைத்தானே சொன்னேன்? மிரேய் என் கையைப் பிடித்து மெர்சி சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் எழுதுவானேன். பின்னேரம் போனில் தனுஷாவிடமும் வாய் விட்டுவிட்டேன்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

இன்றைக்கு அண்ணையை வேலைக்குக் கூப்பிடவில்லை. தட்டோடு வேறு யாரோ நின்றார்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

பின்னேரம் பஸ்ஸில் கண்ணயர்ந்துபோனேன். பக்கத்து இருக்கையில் சேர் அம்புரோஸ். தொப்பியில் கடதாசிப் பனி, மடியில் கையுறை. வெளியில் பிய்-நவ் வீதிக் கடைகள் எல்லாம் மெழுகுதிரி வெளிச்சத்தில் மெல்லமாகப் பின்னால் போயின. என்னைப் பாராமல், நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்: "நீர் எல்லாரையும் பாத்தீர். கண்ணாடியைப் பாக்கேல்லை." இறங்குவதற்கு மணியை அழுத்தினார். விழித்தபோது நான் இறங்கவேண்டிய இடம் இரண்டு தரிப்பு பின்னால் போயிருந்தது.

கனவில் அவருடைய கழுத்து மொட்டையாக இருந்தது, துணி கட்டியிருக்கவில்லை. அதையா சொன்னார்? கனவுக்கு என்ன அர்த்தம் தேடுகிறது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

தமிழ்க்கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நகுலேஸ்வரன் அண்ணை. ஒதுங்க இடமில்லை.

"சுகமோ, மிஸிஸ் பேரின்பநாதன்?"

தங்கச்சி இல்லை. இவரின் பேரைச் சொல்லி, மிஸிஸ்.

"அந்தக் கோட்டைப் போட்டுப் பாத்தது உண்மை. ஊசியை நான் எடுக்கேல்லை."

நான் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கோயில் திறப்பைக் குடுத்திட்டன். கோயில்காரர் கேக்கேல்லை. கேக்க முதல் குடுத்திட்டன்."

பதினைந்து வருசம் ஞாயிறு காலையில் அந்தச் சாவியால் கோயிற் கதவைத் திறந்தவர் அவர். தனுஷாவிடம் சொன்ன கதை கோயில்வரை போயிருக்கிறது. முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்தேன். இவர் ஏன் கறி இல்லை என்று கேட்டார்.

செப்ரெம்பர் 26, வெள்ளி

கடைசிப் பாகம் எடுத்து முடிந்தது. ஊசிக்குப் பதில் கண்ணாடிக்கல் வைத்த போலி. சேர் அம்புரோஸ் அதைத் தூக்கிக் காட்டி, "குற்றவாளி இந்த அறையில்தான் நிற்கிறார்" என்றபோது எனக்கு உடம்பு கூசியது. ஏன் என்று தெரியவில்லை.

ஒக்ரோபர் 10, வெள்ளி

நாளைக்கு ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளான சடங்கு. இவர் லொக்கரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தன். கொடியிலை மூண்டு பின். மூண்டாவது வெறும் பின் இல்லை. சிவப்புக் கல்.

ஐயோ.

அண்டைக்கு இரண்டு கையாலும் பிரபுவின்ரை துணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஊசியை வைக்க இடமில்லை. கொடியிலை கொளுவினன், பின் கொளுவுற மாதிரி. பிறகு மழை. ஓடினன். தனுஷா கண்டவள்! கண்டு கேட்டவள்! நான் மூடினன். பெரிய துப்பறியும் ஆள் நான், தூ.

இவர் ஊசியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தருக்கும் தெரியாது. பேர் போடாமல் தபாலிலை அனுப்பிவிடுவம். உன்ரை வேலையும் போகாது."

"அண்ணையின்ரை பேர்?"

பெட்டியை மூடினார். என்னில் உள்ள அன்பில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிசம், ஒரு நிமிசம் மட்டும், தபாலுறை எங்கே இருக்கிறது என்று யோசனை ஓடியது.

ஒக்ரோபர் 11, சனி, காலை

அண்ணையின் வீட்டுக்கு இருவரும் போனோம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன். அவர் ஊசியை வாங்கி யன்னலடிக்குக் கொண்டுபோனார். கல்லின் சிவப்பு வெளிச்சம் அவருடைய சேட்டில் விழுந்து அசைந்தது.

"வடிவான சாமான். இண்டைக்குத்தான் கிட்டப் பாக்கிறன்."

பிறகு திருப்பித் தந்தார். "எனக்குச் சொன்னது போதாது, மிஸிஸ் பேரின்பநாதன். ஆருக்குச் சொன்னனீங்களோ அவைக்குச் சொல்லுங்கோ."

அங்கிருந்தே மிரேயிடம் போய், தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொல்லி ஊசியைக் கொடுத்தேன். ஊசியை முத்தமிட்டாள். என்னைப் பார்த்து, இனி தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றாள். வேலை போனதைச் சொல்ல அழகான வழி.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

நேற்றுச் சாமத்தியவீட்டு மண்டபத்துக்குக் கொடியை வெளியில் தெரியப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் தனுஷா, கோயில் நிர்வாகத்து ஆட்கள், அவர்களின் மனைவிமார். எழும்பி நின்றேன். "நகுலேஸ்வரன் அண்ணையைப் பற்றி நான் சொன்னது பிழை. ஊசி இஞ்சைதான் தொங்கினது" என்று கொடியைத் தூக்கிக் காட்டினேன்.

தனுஷா வாயைப் பிளந்தாள். "அப்ப அண்டைக்கு மின்னினது?"

"ஓம்."

பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கும் பாட்டு மட்டும் கேட்டது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. சாகவில்லை. வடைகூடச் சாப்பிட்டேன்.

இன்று காலையிலேயே கோயில்காரர் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அண்ணை மேசையில் வைக்கச் சொன்னாராம்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

கோயிற் கதவை அவர் திறந்தார். நான் கடைசியாகப் போனேன்.

நவம்பர் 20, வியாழன்

மிரேய் கூப்பிட்டிருந்தாள். கடைசிப் பாகத்தின் ஊசிக் காட்சியை உண்மையான ஊசியோடு திரும்ப எடுக்கிறார்களாம். புதியவள் கட்டும் துணி வாடுகிறதாம். "கஞ்சி" என்று தமிழிலேயே கேட்டாள். ஊசியை மட்டும் இனி அவள் கையால்தான் குத்துவாள். நியாயம்தானே.

வெளியில் உண்மையான பனி. கடதாசிக்காரருக்கு வேலையில்லை. தெரு முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தது. குதிரைகளின் மூச்சு மட்டும் வெள்ளையாக எழும்பியது. சேர் அம்புரோஸுக்குக் கட்டி முடித்துத் திரும்பினால் கண்ணாடி முன்னால் நகுலேஸ்வரன் அண்ணை. தட்டுக்காரருக்கும் அழைப்பு.

"நான் கட்டிவிடட்டோ?"

"வேண்டாம். நானே கட்டுவன்."

கட்டினார். கழுத்தை நீட்டவில்லை, கண்ணை மூடவில்லை. நான் பார்க்காத மாதிரி இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒருபக்க மடிப்பு நழுவி நழுவி விழுந்தது. நாலாம் தரம் விழுந்தபோது கண்ணாடிக்குள்ளாலேயே கேட்டார்.

"பின் ஒண்டு கிடக்கோ, தங்கச்சி?"

என் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. ஒரு மாதமாய் நான் சங்கிலியில் பின் கொளுவுவதில்லை. வெறும் கழுத்தில் நின்ற அந்தக் கையைக் கண்ணாடிக்குள் அவரும் கண்டார், நானும் கண்டேன். முதலில் சிரித்தது அவர்தான்.

மேசையில் இருந்த தகர டப்பாவிலிருந்து ஒரு பின் எடுத்துக் கொடுத்தேன்.