இரண்டு விரல் அளவு

ராட்டர்டாம்
ஜனவரி 17

அன்புள்ள ஃபின்டன் அண்ணனுக்கு,

அன்று தொலைபேசியில் உன்னிடம் நான் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். விமானத்தைத் தவறவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "தூங்கிட்டியா?" என்று கேட்டாய். இல்லை என்றுகூட நான் சொல்லவில்லை. உன் பின்னால் வீடு நிறைய ஆட்கள் பேசுவதும், யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்குவதும் கேட்டது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது பையின் அளவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு நீ போனை எடுப்பதே இல்லை.

நம் ஊரில் மூன்றாம் நாள் அடக்கம். மலிவு விமானமோ மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கினால்தான் மலிவு. அன்று விலையைப் பார்த்தபோது, மரண அறிவிப்பு வாசிக்கும் நம் உள்ளூர் வானொலிக்கு முன்பே இந்த விமானக்காரர்களுக்குச் சேதி தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. இருக்கைக்குத் தனி, பைக்குத் தனி. எல்லாம் கட்டி முடித்ததும் என் வங்கிக் கணக்கு துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று.

வாயிலில், கையில் ஒன்றுதான் கொண்டுபோகலாம் என்றார்கள். என்னிடம் துணிப்பையும் அப்பாவின் அக்கார்டியனும் இருந்தன. துணிகளையெல்லாம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு, பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்புறம் அக்கார்டியனை, பை அளக்கும் இரும்புச் சட்டத்துக்குள் வைக்கச் சொன்னாள் வாயிலில் நின்ற பெண்.

"ரெண்டு விரல் அளவு வெளிய நிக்குதே. காசு கட்டுங்க, இல்லன்னா விட்டுட்டு ஏறுங்க."

"எங்கப்பாவோடதுங்க. நாளைக்கு அடக்கம்."

"எனக்குப் புரிஞ்சு என்ன பண்றது, கம்ப்யூட்டர் விடாதே."

அட்டையைத் தேய்த்தேன். செல்லவில்லை. கதவைச் சாத்தினார்கள். மூன்று சட்டையும் கறுப்புக் கோட்டுமாக வியர்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னப் பொதைக்கிறப்போ அந்த வால்ஸ் மெட்டை வாசிக்காம விட்டுடாத" என்று அப்பா என்னிடம் சொன்னது உனக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு எப்படி ஏறுவேன்?

அன்புடன்,
டெர்வ்லா

*

லிஸ்டோவல்
ஜனவரி 24

டெர்வ்லா,

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "தங்கச்சி கையெழுத்து மாதிரி இருக்கு. படிக்கப் போறியா, மாட்டுக்குப் போடப் போறியா?" என்று கேட்டார். படித்தேன்.

குழியருகே பாதிரியார் செபத்தை முடித்துவிட்டுச் சும்மா நின்றார். எல்லோரும் சும்மா நின்றார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பாடி என் தோளைத் தட்டி, "மண்ணைப் போடுப்பா, மழை வருது" என்றார். போட்டேன்.

அக்கார்டியனை அப்பா உன்னிடம் கொடுத்தார். மாடுகளை என்னிடம் கொடுத்தார். நீ ஊரைவிட்டுப் போனவள், நான் இருந்தவன். இருந்தவனுக்கு ஒரு பாட்டும் சொல்லித்தரவில்லை. அந்த அக்கார்டியனைக் கட்டிக்கொண்டுதான் அப்பாவைக் கடைசியாகப் பார்க்காமல் நின்றாய் என்றால், எனக்கு ஆறுதலா ஆத்திரமா என்று தெரியவில்லை.

மாத நினைவுத் திருப்பலி பிப்ரவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை. விமானத்தில் வா. டிக்கெட்டை நான் எடுக்கிறேன். அக்கார்டியனை அங்கேயே வைத்துவிட்டு வா. பாடி தன்னுடையதை இரவல் தருவார்.

ஃபின்டன்

*

ராட்டர்டாம்
ஜனவரி 29

அன்புள்ள அண்ணா,

டிக்கெட் வேண்டாம். பாடியின் அக்கார்டியனும் வேண்டாம். அதில் மேல் ஸ்வரம் ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அப்பா அதைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார்.

அந்த இரும்புச் சட்டத்துக்கு முன்னால் இனி ஒருமுறை நிற்கமாட்டேன், அப்பாவின் வாத்தியத்தோடு நிச்சயமாக நிற்கமாட்டேன். விமானச் சரக்கறையில் போட்டால் அதன் காற்றுத் துருத்தி கிழிந்து வரும். கப்பலில் வருகிறேன். இங்கிருந்து இங்கிலாந்தின் ஹார்விச், அப்புறம் ரயிலில் ஹோலிஹெட், மறுபடி கப்பலில் டப்ளின். வியாழக்கிழமை கிளம்பி வெள்ளி மாலை இறங்குவேன். அதில் யாரும் என் பையை அளக்கமாட்டார்கள். லாரி லாரியாக ஏற்றும் கப்பலுக்கு இரண்டு விரல் ஒரு பொருட்டா?

மாடுகளைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். அதற்குப் பதிலை நேரில்தான் சொல்ல முடியும்.

டெர்வ்லா

*

லிஸ்டோவல்
பிப்ரவரி 3

அன்புள்ள டெர்வ்லா,

பிப்ரவரியில் ஐரிஷ் கடல்! உனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. அப்பாவின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. புயல் வருகிறது என்கிறார்கள். கப்பலை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய், நீந்துவாயா?

டப்ளினுக்கு வந்து நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. மாலைக் கறவை இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் டிரலி வரை ரயில் உண்டு. தடித்த காலுறைகளாகப் போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
ஃபின்டன்

*

ராட்டர்டாம்
பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

சுகமாக வந்து சேர்ந்தேன்.

கப்பல் நான்கு மணி நேரம் தாமதமாக வந்தும் நீ துறைமுகத்தில் நின்றதைப் பற்றி அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. "கறவைக்கு பாடி நிக்கிறார். ஏறு, ஏறு, குளிருது" என்று எரிந்து விழுந்தாய். அப்பாவின் தொப்பியைப் போட்டிருந்தாய். அதைப் பற்றியும் நான் சொல்லவில்லை. வாந்தி எடுத்து எடுத்து எனக்குப் பேச்சே வரவில்லை என்பதும் உண்மை.

கல்லறையில் மழை பிடித்துக்கொண்டதும் குடையை எனக்குப் பிடிக்காமல் அக்கார்டியனுக்குப் பிடித்தாயே, அதை மட்டும் நான் மறக்கமாட்டேன். நான் நனைந்து விறைத்துப்போய் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். "அப்பாவும் அங்கதான் தப்பு விடுவாரு" என்றாய். வாத்தியத்தைத் தொடாத நீ அதை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

அடுப்படி நாற்காலியில் அக்கார்டியனை வைத்துவிட்டு வந்ததைக் கட்டணத்துக்குப் பயந்து என்று நினைக்காதே. அங்கே இருந்தவனிடம் அது இருக்கட்டும். நான் வரும்போது வாசித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கறவை முடிந்ததும் கூப்பிடுகிறேன். வால்ஸின் முதல் பாதியைச் சொல்லித்தருகிறேன். போனை எடு.

திரும்பும்போது விமானத்தில்தான் வந்தேன். கையில் ஒரு சின்னப் பை. இங்கேயும் வாயிலில் ஒரு பெண், அதே மாதிரி இரும்புச் சட்டம். வைக்கச் சொன்னாள், வைத்தேன். உள்ளே அடங்கி, இடம் மீந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உன் தங்கை,
டெர்வ்லா