தண்ணீர் விட்டுப் பார்த்த பம்பு

14.7.2009, கடலூர்

பம்பில் குறையில்லை என்று தொழிற்சாலை ஆய்வாளர் மாலை போனில் உறுதிப்படுத்தினார். அடர் கந்தக அமிலம் செலுத்துவதற்கென்றே தேர்ந்தெடுத்த புது பம்பு. ஒழுகுகிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்த்த ஆபரேட்டர், அது காயுமுன் அமிலத்தைத் திறந்திருக்கிறார். உள்ளே தங்கிய தண்ணீரில் அமிலம் கொதித்து அவர் முகத்தில் பீறிட்டது.

பிறகு செய்திக்காகச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேட்டருடைய மச்சினர் டீ வாங்கி வந்தார்.

"கம்பெனி டீ குடிச்சிருப்பீங்க, நம்ம டீயும் குடிங்க சார். புது பம்புதான் கோளாறுன்னு எழுதுங்க. மாமா ஜாஸ்தி உஷாரு. தண்ணி விட்டுப் பாக்காம எதையும் ஓட்டமாட்டாரு."

குடித்தேன்.

பம்பில் குறையில்லை என்றே எழுதிய செய்தி அச்சுக்குப் போய்விட்டது. அவர் கண்ணுக்குப் போட்ட கட்டை வியாழக்கிழமை அவிழ்ப்பார்கள். பார்வை உண்டா என்பது அன்றுதான் தெரியும். பேப்பர் விடிந்ததும் வந்துவிடும். யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள்.